டாக்டர் சொன்ன கிளாண்ட் வேற, எனக்குக் கேட்ட கிளாண்ட் வேற

இது நடந்தது எண்பத்திரண்டாம் வருஷம், திருவண்ணாமலையில. எனக்கு அப்போ ஐம்பத்தெட்டு வயசு. பம்ப்செட் மெக்கானிக். டவுன்ல இருந்து கீழ்பென்னாத்தூர் வரைக்கும் யார் கிணத்துல மோட்டார் மக்கர் பண்ணாலும் எனக்குத்தான் ஆள் வரும். சைக்கிள்ல டூல்ஸ் பையை மாட்டிக்கினு கிளம்பிடுவேன். இந்த விஷயத்தை இத்தனை வருஷமா வீட்டு ஆளுங்க, வைத்தியம் பாத்தவங்க தவிர வேற யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. ஆம்பளைங்க வெளியில பேசுற சமாச்சாரம் இல்ல இது. படிச்சிட்டு சிரிக்கிறவங்க தாராளமா சிரிச்சுக்கோங்க. இப்போ நானே சிரிக்கிறேன்.

அந்த வருஷம் சித்திரையில இருந்தே எனக்கு ஒண்ணுக்குப் போறது பெரிய பேஜாரா இருந்துச்சு. முட்டிக்கினு வரும், போய் நின்னா வராது. கால் மணி நேரம் சுவத்தைப் பாத்துக்கினே நிக்கணும். ஒரு நாள் சுத்தமா அடைச்சுக்கிச்சு. வலியில துடிச்சுப் போயிட்டேன். இங்க டாக்டர் ட்யூப் போட்டு எடுத்துட்டு, மெட்ராஸ்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்தார். அங்க சதையைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு, பெரிய டாக்டர் என்னை உக்கார வெச்சு நிதானமா சொன்னார். மூத்திரப் பைக்குக் கீழ ஒரு கிளாண்ட் இருக்கு, அதுல புத்துநோய் ஆரம்பிச்சிருக்கு, கிளாண்டை முழுசா எடுத்துட்டா உயிருக்குப் பயமில்லன்னார்.

இங்கதான் வினையே. டாக்டர் தொழில்ல சொல்ற மாதிரி எங்க தொழில்லயும் ஒரு கிளாண்ட் இருக்கு. பம்ப்புல ஷாஃப்ட் சுத்திக்கினே வெளியில வருது இல்ல, அந்த இடத்துல தண்ணி பீச்சி அடிக்காம இருக்க கிரீஸ்ல ஊறின கயிறைச் சுத்தி அடைச்சு, மேல ஒரு மூடி போட்டு நட்டை இறுக்குவோம். அதுக்குப் பேர் கிளாண்ட். முப்பது வருஷமா அதைக் கழட்டி மாட்டினவன் நான். கிளாண்ட் தேஞ்சா சொட்டும், கிளாண்டை எடுத்தா கொட்டும். இது எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல.

அதனால நானும் பெரிய ஆள் மாதிரி டாக்டரைக் கேட்டேன், "கிளாண்டை எடுத்துட்டா ஒழுகுமே சார்?"

டாக்டர் ஆச்சரியமா பாத்தார். "பரவாயில்லயே, தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே! ஆமா, கொஞ்ச நாளைக்குக் கசியும். பயப்படாதீங்க, போகப் போக சரியாயிடும்" அப்படின்னார்.

கிளாண்டையே எடுத்த பிறகு எப்படிய்யா சரியாகும்? மனுஷன் ஆறுதலுக்குச் சொல்றார்னு நெனச்சுக்கிட்டேன். உயிர் இருந்தா போதும்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

ஆனி மாசம் ஆபரேஷன் ஆச்சு. மூணு வாரம் கழிச்சு, மூத்திரம் போக வெச்சிருந்த ட்யூபை எடுத்தாங்க. கட்டில்ல இருந்து எழுந்து நின்னேன், கால் வழியா தரையில ஓடுது. எனக்குத் தெரியவே இல்ல, தரையைப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரி ஆயா வந்து துடைச்சுட்டு ஒண்ணும் சொல்லாம போனாங்க. அந்த அம்மா ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தேன். பழைய வேட்டியை நாலா கிழிச்சு, மடிச்சு, கோவணம் மாதிரி கட்டிக்குவேன். ஒரு நாளைக்கு எட்டு துணி ஆகும். என் வீட்டுக்காரம்மா துவைச்சுக் காயப் போடுவா. கொல்லைப்பக்கம் கொடியில வரிசையா வெள்ளைத் துணி தொங்குறதைப் பாத்துட்டு, பக்கத்து வீட்டம்மா யாருக்குக் குழந்தை பொறந்திருக்குன்னு கேட்டுட்டாங்க. அதுல இருந்து துணியை ரூமுக்குள்ளயே கட்டிக் காய வெச்சோம். மழைக்காலத்துல அந்த ரூம் வாசனையைப் பத்தி நான் சொல்ல வேண்டாம்.

வேலைக்குப் போகாம முடியுமா? அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். எந்த இடத்துக்குப் போனாலும் மொதல்ல தொட்டித் தண்ணியை மொண்டு இடுப்புக்குக் கீழ நல்லா ஊத்திக்குவேன். பம்ப்செட் மெக்கானிக் நனைஞ்சு நின்னா யார் சந்தேகப்படுவாங்க? அது மட்டும் இல்லாம, சைக்கிள் ட்யூபை வெட்டி, பிளாஸ்டிக் பையோட சேத்து, தொடையில கட்டிக்கிற மாதிரி ஒரு சாமானும் செஞ்சு பாத்தேன். அடி அண்ணாமலையில ஒரு கிணத்துல பாதிப் படி இறங்கினப்போ அது அவுந்து தண்ணியில விழுந்துடுச்சு. கிணத்துக்காரர் எட்டிப் பாத்து இன்னா அதுன்னார். வாஷர்னேன்.

நான் சும்மா இருக்கிற ஆளும் இல்ல. ஒரு மிஷின் கெட்டுப் போச்சுன்னா ஏன் கெட்டுச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது. என் உடம்பையும் அப்படித்தான் கவனிச்சேன். எழுந்து நின்னா ஒழுகுது. இருமினா ஒழுகுது. டூல்ஸ் பையைத் தூக்கினா ஒழுகுது. யாராவது பக்கத்துல குழாயைத் திறந்தா, அந்தச் சத்தத்துக்கே வந்துடுது. ஆனா படுத்தா ஒரு சொட்டு இல்ல! காலையில கண் முழிக்கிறப்போ மூத்திரப் பை நிறைஞ்சிருக்கு, துணி காஞ்சிருக்கு. இதெப்படி? கிளாண்ட் இல்லாத பம்ப்பைப் படுக்கப் போட்டாலும் ஒழுகத்தானே வேணும்? அப்போ உள்ள வேற ஏதோ ஒண்ணு புடிச்சு வெச்சிருக்கா? இந்தக் கேள்வி என்னை அரிச்சுக்கினே இருந்துச்சு.

நேரா டாக்டரையே கேட்டிருக்கலாம். ஒரு மாசம் கழிச்சு வந்து காட்டச் சொன்னார், போனேன். எப்படி இருக்கீங்கன்னார். பிரமாதமா இருக்கேன் சார்னேன். கீழ ரெண்டு துணியைக் கட்டிக்கினு, பஸ்ல சீட்டை நனைச்சிட்டுப் போய் உக்காந்துக்கினு இந்தப் பதில்! கசிவு நின்னுடுச்சான்னு அவர் குறிப்பா கேட்டார். அப்பவும் நின்னுடுச்சுன்னு தலையை ஆட்டினேன். எடுத்ததை அவர் திரும்ப வெக்கப் போறதில்ல, உயிரைக் காப்பாத்தின மனுஷன் மேல எதுக்குக் குறை சொல்லணும்னு எண்ணம். வெக்கம்னும் சொல்லலாம்.

அந்த ஐப்பசியில என் மூத்த பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாச்சு. அவ டவுன்ல ஒரு ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். மாப்பிள்ளையும் வாத்தியார்தான், அவளே பாத்துக்கிட்ட பையன். எங்க ஜனம்தான், ஆனா நாங்க பொண்ணு குடுக்கிற வகையறா இல்ல. மொதல்ல ஆறு மாசம் நான் அவகூட முகம் குடுத்துப் பேசல. அப்புறம் பையன் வீட்டுக்கு வந்து பேசினதும் எனக்கே பிடிச்சுப் போச்சு, சரின்னுட்டேன். தையில முகூர்த்தம் குறிச்சாங்க.

நாள் குறிச்ச அன்னைக்குத்தான் எனக்கு மணையோட நெனப்பே வந்துச்சு. பொண்ணைப் பெத்தவன் மணையில உக்காரணும். ஒண்ணரை மணி நேரம் அசையக் கூடாது. அப்புறம் தாரை வார்க்கணும். சொம்புல இருந்து கைமேல தண்ணி ஊத்துற சத்தம் காதுல விழும். அத்தனை சொந்தக்காரங்க, சம்பந்தி வீட்டார் முன்னாடி, மணையை விட்டு எழுந்தா என் கதி என்ன? அப்பவே சொல்லிட்டேன், மணையில நான் உக்காரல, என் தம்பி உக்காரட்டும். ஏன்னு கேட்டாங்க. உடம்பு முடியலன்னேன். தினம் சைக்கிள் மிதிச்சுக்கினு கிணறு கிணறா போறவன் உடம்பு முடியலன்னா யார் நம்புவாங்க?

என் பொண்ணுக்கு அன்னைக்கே சாப்பாடு கம்மியாயிடுச்சு. அப்பாவுக்கு இன்னும் மனசு ஆறல, ஊருக்குக் காட்டத்தான் சம்மதிச்சிருக்கார்னு அவ அம்மாகிட்ட சொல்லி அழுதாளாம். எனக்குத் தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல. எப்படித் திறப்பேன்? வயசுப் பொண்ணுகிட்ட இதையா பேசுறது?

இப்படி இருக்கிறப்போ ஒரு நாள் டவுன்ல ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வந்துச்சு. மேல் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் ஒழுகுதாம். காலையில பத்து மணிக்குப் போனேன். அங்க ஒரு நர்சம்மா. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். முஸ்லிம் வீட்டுப் பொம்பளை, ஊர்ல பாதிக் குழந்தைங்க அவங்க கையில பொறந்ததுன்னு சொல்லுவாங்க. மோட்டார் ரூமைக் காட்டிட்டு உள்ள போனாங்க. நான் வழக்கம்போல பக்கத்துல இருந்த பக்கெட்டை எடுத்து என்மேல ஊத்திக்கிட்டேன். திரும்பிப் பாத்தா, சாவி குடுக்க மறந்துட்டு அவங்க திரும்பி வந்து வாசல்ல நிக்கிறாங்க.

"இன்னாண்ணா, இன்னும் பூட்டையே தொறக்கல, அதுக்குள்ள குளிச்சாச்சா?"

வெயில் ஜாஸ்தின்னேன். வானம் மூடிக்கினு தூறிக்கினு இருக்கு. அவங்க வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பாத்தாங்க. ஆனா போகல. நான் பம்ப்பைக் கழட்டுறதைப் பாத்துக்கினே நின்னாங்க. அவங்களும் என்னை மாதிரி ஆள்தான் போல, எதையும் தெரிஞ்சுக்காம விடமாட்டாங்க. இது ஏன் ஒழுகுதுன்னு கேட்டாங்க. கிளாண்ட் போயிடுச்சும்மா, அதான்னேன். கிளாண்ட் போனா ஒழுகுமான்னாங்க.

எனக்கு அன்னைக்கு என்ன ஆச்சோ தெரியல. நாலு மாசமா அடக்கி வெச்சது, பட்டுனு வாயில வந்துடுச்சு. "பின்ன ஒழுகாம? எனக்கே எடுத்துட்டாங்களே, நான் ஒழுகிக்கினு இருக்கலையா?"

சொல்லிட்டு ஸ்பேனரைப் பாத்துக்கினே உக்காந்துட்டேன். காது ரெண்டும் கொதிக்குது.

"உங்களுக்கா? எந்த கிளாண்ட்?" அப்படின்னாங்க அவங்க.

சொன்னேன். ஆபரேஷன், புத்து, டாக்டர் சொன்னது, நான் கேட்டது எல்லாம். அவங்க மொதல்ல முழிச்சாங்க. அப்புறம் என் கையில இருந்த கிரீஸ் கயிறைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. புடவைத் தலைப்பால வாயைப் பொத்திக்கினு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க பாருங்க! எனக்குக் கோபம் வந்துச்சு.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. டாக்டர் சொன்ன கிளாண்ட் சுரக்கிற கிளாண்ட். எச்சில் ஊறலையா, பால் சுரக்கலையா, அது மாதிரி. அது எதையும் அடைச்சு வெக்கிறதுக்கு இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி உங்களுக்கு ஒழுகுச்சா, அடைச்சுச்சா?"

"அடைச்சுச்சு."

"அந்த கிளாண்ட் வீங்கித்தான் அடைச்சுச்சு. புடிச்சு வெக்கிறது வேற சதை. அதுல கொஞ்சம் ஆபரேஷன்ல போயிருக்கும். ஆனா கீழ இன்னொண்ணு இருக்கு, அது உங்ககிட்டயே பத்திரமா இருக்கு. வேலை செய்யாம படுத்துக்கினு இருக்கு, அவ்ளோதான்."

நான் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டேன். படுத்தா ஏன் ஒழுகலன்னு கேட்டேன். பாரம் கீழ அமுக்காதப்போ அந்தச் சோம்பேறிச் சதையே தாங்கிக்குது, நின்னா தாங்க முடியல, அதுக்கு வேலை குடுத்து பலமாக்கணும்னாங்க. நாலு மாசமா என்னை அரிச்ச கேள்விக்கு ஒரே வரியில பதில்! என் சந்தோஷத்தை எப்படிச் சொல்றது? வெக்கம் எங்க போச்சுன்னே தெரியல. ஒண்ணு மாத்தி ஒண்ணா கேட்டுக்கினே இருந்தேன்.

பிரசவம் ஆன பொம்பளைங்களுக்கு இது சகஜமாம். தும்மினா வரும், தண்ணிக் குடம் தூக்கினா வரும். அவங்களுக்கு இந்த நர்சம்மா ஒரு பயிற்சி சொல்லித் தருவாங்களாம். அதையே எனக்கும் சொன்னாங்க. எந்தச் சதைன்னு எனக்குப் புரியல. அவங்க கொஞ்சமும் கூச்சப்படாம சொன்னாங்க, "நாலு பேர் நடுவுல உக்காந்திருக்கீங்க, காத்துப் பிரியப் போவுது. இன்னா பண்ணுவீங்க? இறுக்கி உள்ள இழுப்பீங்க இல்ல? அதே சதைதான்." அதை இறுக்கி, அஞ்சு எண்ணி, விடணும். அப்புறம் அஞ்சு எண்ணி ஓய்வு. போகப் போக பத்து வரைக்கும் எண்ணலாம். மூச்சை அடக்கக் கூடாது, வயித்தையும் தொடையையும் இறுக்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூணு வேளை. ஒழுகுமேன்னு பயந்து நான் தண்ணி குடிக்கிறதை நிறுத்தியிருந்தேன், அதுக்கும் திட்டு விழுந்துச்சு. கடைசியா ஒண்ணு சொன்னாங்க. மெட்ராஸ் டாக்டர்கிட்ட போய் உண்மையைச் சொல்லுங்க, அவருக்குத் தெரியாம எப்படி வைத்தியம் பண்ணுவார்னாங்க.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரம்மாகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். பொம்பளைங்களுக்குக்கூட தும்மினா வருமாமேன்னு அதிசயமா சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கினே, "எனக்குக் கடைசிப் பையன் பொறந்ததுல இருந்து வருது" அப்படின்னா.

பதினெட்டு வருஷம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்டி சொல்லலன்னேன். "நீங்க கேட்டீங்களா? நீங்க பம்ப்பைத்தான் கேப்பீங்க" அப்படின்னா. அப்பவே அவளுக்கும் பயிற்சியைச் சொல்லிக் குடுத்தேன்.

அன்னையில இருந்து ரெண்டு பேரும் சேந்தே பயிற்சி. ரேடியோவுல நியூஸ் ஓடுறப்போ சுவத்துல சாஞ்சு உக்காந்து மனசுக்குள்ள எண்ணுவோம். ஒரு நாள் பொண்ணு உள்ள வந்து, ஏன் ரெண்டு பேரும் முழிச்சுக்கினு பேசாம உக்காந்திருக்கீங்க, சண்டையான்னு கேட்டா. மெட்ராஸுக்கும் போனேன். டாக்டர் முழுசா கேட்டுட்டு, இந்தச் சந்தேகத்தை அன்னைக்கே கேட்டிருக்கலாமேன்னார். கேட்டேனே சார், நீங்கதானே ஆமான்னீங்கன்னேன். அவர் தலையில கை வெச்சுக்கிட்டார். பயிற்சி சரிதான், விடாம செய்யுங்க, ஒரு வருஷம்கூட ஆகலாம்னார்.

மொதல் மூணு வாரம் ஒரு மாத்தமும் இல்ல. நாலாவது வாரம் ஒரு நாள் மிளகாய் வறுத்த நெடியில தும்மல் வந்துச்சு. தும்மிட்டுத் தொட்டுப் பாத்தேன், காஞ்சிருந்துச்சு. சமையல் ரூமுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். மார்கழி முடியிறதுக்குள்ள எட்டு துணி மூணா கொறஞ்சுடுச்சு.

ஆனா பொண்ணு முகம் மாறல. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. மணையில நானே உக்கார்றேன்னு அவ அம்மா மூலமா சொல்லி அனுப்பினேன். யாருக்காகவும் கஷ்டப்பட்டு உக்கார வேணாம், சித்தப்பாவே உக்காரட்டும்னு பதில் வந்துச்சு. அப்போதான் எனக்கு உறைச்சுது. ஒழுகுறதை நிறுத்தினா மட்டும் பத்தாது, ஏன் உக்கார மாட்டேன்னேன்னு அவகிட்ட நான்தான் சொல்லியாகணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை. அவ புள்ளைங்க நோட்டைத் திருத்திக்கினு உக்காந்திருந்தா. எதிர்ல போய் உக்காந்தேன்.

"கண்ணு, எனக்கு ஒழுகுதும்மா."

"இன்னாப்பா ஒழுகுது, கூரையா?" தலையைத் தூக்காம கேட்டா.

"ஒண்ணுக்கு. ஆபரேஷன் பண்ணதுல இருந்து புடிக்க முடியல. மணையில உக்காந்து அத்தனை பேர் முன்னாடி ஆயிடுமோன்னு பயந்துதான் மாட்டேன்னேன். உன்மேல கோபமே இல்லம்மா. அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

பேனாவைக் கீழ வெச்சா. இதுக்காப்பா, இதுக்காகவான்னு ரெண்டு தடவை கேட்டுட்டு ஓன்னு அழுதுட்டா. நானும் அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கினு சொன்னா, "என் கிளாஸ்ல தினம் ரெண்டு புள்ளைங்க உக்காந்த இடத்துலயே போயிடுதுங்க. துடைச்சு விட்டு, மாத்துத் துணி போட்டு, பாடம் நடத்திக்கினுதான் இருக்கேன். என் அப்பனுக்குப் பண்ண மாட்டேனா?"

தையில, கோயில் பக்கத்துச் சத்திரத்துல கல்யாணம். நானே மணையில உக்காந்தேன். உள்ள ஒரே ஒரு துணி, கனமா மடிச்சது. ஐயர் நேரம் பாத்து மந்திரத்தை இழுத்தார். நான் உள்ளுக்குள்ள எண்ணிக்கினே இருந்தேன். தாரை வார்க்கிற நேரம் வந்துச்சு. மாப்பிள்ளை கைமேல பொண்ணு கை, அதைத் தாங்கிப் புடிச்சு என் கை. வீட்டுக்காரம்மா சொம்பைச் சாச்சு தண்ணியை ஊத்துறா. அந்தச் சத்தம் கேட்டதும் போச்சுடான்னு நெனச்சேன்.

பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கினே மெதுவா கேட்டா, "அப்பா, பரவால்லயா?"

"புடிச்சிக்கினு இருக்கேன் கண்ணு."

ஐயர் அதைக் கேட்டுட்டு, "ஆமா, கெட்டியா புடிச்சுக்கோங்க, நான் சொல்ற வரைக்கும் விட்டுடாதீங்க" அப்படின்னார். அவ்ளோதான். என் வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காம சொம்பு ஆடுது, பொண்ணு தோள் குலுங்குது, சம்பந்தியம்மா பொண்ணு அழுறதா நெனச்சு அவ முதுகைத் தடவிக் குடுக்கிறாங்க. நான் பல்லைக் கடிச்சுக்கினு சிரிப்பையும் சேத்துப் புடிச்சேன். எழுந்து நின்னப்போ ரெண்டு சொட்டு வந்துச்சு, இல்லன்னு சொல்லல. என் பொண்ணையும் வீட்டுக்காரம்மாவையும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.

இப்போ எனக்கு அறுபத்தஞ்சு வயசு ஆவுது. புத்து திரும்ப வரல, தும்மினா எப்பவாவது ஒரு சொட்டு, அவ்ளோதான். என்னை மாதிரி எத்தனை ஆம்பளைங்க ரூமுக்குள்ள துணியைக் காய வெச்சுக்கினு உக்காந்திருப்பாங்களோன்னுதான் இதை எழுதுறேன். ஆபரேஷன்கூட எனக்குப் பெரிசா தெரியல. எனக்கு ஒழுகுதும்மான்னு பொண்ணுகிட்ட சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் ஜாஸ்தி கஷ்டமா இருந்துச்சு, அதைச் சொல்லாம விட்டிருந்தா அப்பா தன்னை மனசார அனுப்பலன்னு நெனச்சுக்கினேதான் புருஷன் வீட்டுக்கு அவ போயிருப்பாளேன்னு நெனைக்கிறப்போ, இன்னைக்கும் எனக்கு நெஞ்சு பதறுது.